பதினேழாம் எண் மரம்

கசெம்பா,
5 அக்டோபர் 1978

லுவாம்பாவின் தாய் டோரிகாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வன அலுவலகத்திலிருந்து வீடு திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டு தொங்கவில்லை. உள்ளே தையல் இயந்திரம் இல்லை, குழந்தையின் காலணி இல்லை, நீ இல்லை. மேசை மீது ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கலாம். எட்டு ஆண்டு மணவாழ்வில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆற்றைக் கடந்ததில்லை. இந்த ஒழுங்கை முதலில் மீறியவள் நீ.

காரணம் எனக்குத் தெரியும். உன் தம்பி முவேபு மீது நான் கொடுத்த புகார். அதை அயலார் வாயிலிருந்து நீ கேட்டிருக்கக் கூடாது. நானே சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவில் பிழை என்னுடையது. ஆனால் புகார் பிழையன்று.

நடந்தது இதுதான். கிசேலா காப்புக்காட்டின் மேற்கு எல்லையில் ஒன்பது முசம்பா மரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும், தேனீ குடியேறும் உருளைக் கூடு செய்வதற்காகப் பட்டை சுற்றிலும் உரிக்கப்பட்டிருக்கிறது. உரித்தவன் தான்தான் என்று முவேபு காவலரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். எல்லைக்கு வெளியே உரித்தால் அது அவன் உரிமை. உள்ளே உரித்தால் குற்றம். எல்லை நெடுகிலும் வெள்ளை வளையமும் எண்ணும் இட்ட மரங்கள் நிற்கின்றன. பதினாறு இருக்கிறது. பதினெட்டு இருக்கிறது. பதினேழைக் காணோம். நான் வேறு மாவட்டத்தில் பணியாற்றிய ஆறு ஆண்டுகளில் அந்த எல்லையை ஒருவரும் நடந்து பார்க்கவில்லை. பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. தலைமையகத்தில் நகல் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இடைக்குறி தொலைந்தால் அதன் இருபுறக் குறிகளையும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும் என்பது விதி. இணைத்தேன். ஒன்பது மரங்களும் கோட்டுக்கு உள்ளே அறுபது அடி தள்ளி நிற்கின்றன.

வழக்கு 26ஆம் தேதி. குற்றம் உறுதியானால் ஆறு மாதச் சிறை. மனைவியின் தம்பி என்பதற்காக இவனை விட்டுவிட்டு, நாளை வேறொருத்தியின் தம்பியை எந்த முகத்தோடு பிடிப்பேன்?

வெயில் தாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள முபுத்து மரத்தின் காய்கள் நாள் முழுவதும் படீரென்று வெடித்து விதைகளைக் கூரைமேல் எறிகின்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் யாரோ கதவைத் தட்டுவதாக எண்ணி எழுந்து போகிறேன். இன்று மட்டும் பதினொரு முறை.

திரும்பி வா.

ஜைரோஸ் கியெம்பே

*

காபம்பா கிராமம்,
10 அக்டோபர்

லுவாம்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மிஷன் லாரியில் வந்தது. பூட்டு என் பைக்குள் இருக்கிறது. வந்த கோபத்தில் பூட்டை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். இதையும் பதிவு செய்து கொள்ளுங்கள்.

நான் அழுத முகத்தோடு வந்து நின்றதும் அம்மா தானியம் குத்துவதை நிறுத்தவில்லை. உலக்கையோடு உலக்கையாகக் கேள்வியும் விழுந்தது.

"அடிச்சாரா?"

"இல்லம்மா."

"குடிச்சாரா?"

"இல்ல."

"வேற பொம்பளையா?"

"மரத்தைப் பாக்கவே அவருக்கு நேரம் போதல. பொம்பளையை எங்க பாக்க?"

"அப்புறம் எதுக்குடி வந்து நிக்கிற?"

தம்பியின் வழக்கைச் சொன்னேன். அம்மா தம்பிக்காகக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் உங்களுக்காகப் பேசினாள்.

"கவர்மெண்ட் சட்டை போட்ட எந்த மருமகன் கல்யாண முறைக்கு மாமியாருக்குத் தன் கையால பட்டை உரிச்சு, ஆறு கூடு கட்டி, மரத்துல ஏத்திக் குடுத்தான்? மத்தவனெல்லாம் கம்பளி வாங்கிக் குடுத்துட்டு ஓடிட்டான். இவரு செஞ்சாரு. அதனாலதான் என் முற்றத்துல உக்கார வெச்சுக் கோழி அடிச்சேன். அப்படிப்பட்டவரு காரணமில்லாம ஒண்ணும் பண்ண மாட்டாரு. உன் தம்பி என்ன பண்ணானோ, அதைக் கேளு."

கேட்டேன். முவேபு கோடரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா. உள்ள உரிச்சியா, வெளிய உரிச்சியா?"

"மரத்துக்கு உள்ள ஏது, வெளிய ஏதுக்கா? ஆறு மாசம் கவர்மெண்ட் சாப்பாடு. இவ சமையல்லேருந்து விடுதலை."

அவன் மனைவி அகப்பையை எறிந்தாள். அவன் குனிந்துகொண்டான். சிரித்தான். ஆனால் பிறகு நான் அருகே போகும்போதெல்லாம் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுகிறான். மூன்று நாளாக இதே கதை. எதையோ மென்று விழுங்குகிற ஆள் மாதிரி இருக்கிறான். என் தம்பியை எனக்குத் தெரியும். குற்றம் செய்தால் கத்துவான். இப்போது சும்மா இருக்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே குன்றில், அதே மரங்களில், நீங்களும் ஒரு காலத்தில் கை வைத்து ஆறு பட்டை உரித்தவர்தானே? உங்கள் கையில் சரியாக இருந்தது அவன் கையில் எப்படித் தப்பாயிற்று? நேரில் வந்து அந்த இடத்தைப் பாருங்கள். கோடு போட்டுப் பார்த்தால் போதாது.

டோரிகா

*

கசெம்பா,
14 அக்டோபர்

டோரிகாவுக்கு,

பூட்டு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். புதுப் பூட்டு வாங்கவில்லை.

நேரில் வா என்கிறாய். புகார் கொடுத்தவன் குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டுப் பக்கம் நடமாடக் கூடாது. வழக்கு முடியும்வரை காபம்பா ஊருக்குள் நான் கால் வைக்க இயலாது.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஆறு கூடுகளை இந்த வழக்கோடு சேர்க்க வேண்டாம். அவை எல்லைக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. வனத்துறை ஆள் ஒருவனின் பெயரால் ஒரு மரம்கூட அதிகமாகச் சாகக் கூடாது என்பதற்காக, எவை எவை என்று முன்கூட்டியே வெள்ளை வளையம் இட்டுக் குறிக்கப்பட்டவை. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

உன் தாயார் என்னைப் புகழ்ந்த சொற்களை இனி எனக்கு எழுதாதே.

இங்கே செய்தி எதுவும் இல்லை. மாலையில் உட்கார முடியாததால் வேலிக் கம்பங்களுக்குச் சாயம் பூசினேன். பூசி முடித்துவிட்டு மறுபடி பூசினேன். முசம்பா, முபுத்து இரண்டும் ஒரே இனம். எங்கள் ஏட்டில் பிராக்கிஸ்டீஜியா என்று ஒரே தலைப்பின் கீழ் வருபவை. மழைக்கு ஆறு வாரம் முன்பே ஒரு சொட்டு நீரில்லாத மண்ணிலிருந்து அவை எப்படிச் செந்தளிர் விடுகின்றன என்று யாரும் இன்னும் எனக்கு நிறைவாகச் சொன்னதில்லை. குன்று முழுவதும் தீப்பிடித்தது போலச் சிவந்திருக்கிறது. ஆண்டுதோறும் பார்ப்பதுதான். இந்த ஆண்டு அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

குழந்தையின் இருமல் நின்றதா என்று எழுது.

ஜைரோஸ் கியெம்பே

*

காபம்பா,
18 அக்டோபர்

லுவாம்பா அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. வேறொன்று தொடங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை மழையில்லாத பெருங்காற்று அடித்தது. அம்மாவின் மரத்திலிருந்து, நீங்கள் கொடுத்த ஆறில் ஒரு கூடு கொக்கி முறிந்து விழுந்தது. தேனீக்கள் போன வருஷமே வெளியேறிவிட்ட பழைய கூடு. விறகுக்கு ஆகும் என்று இழுத்து வந்தேன். வெயில் படாமல் மேலே கட்டியிருந்த புல்லைப் பிரித்தேன். பட்டையில் வெள்ளை வளையம். உங்கள் வளையம்தான் என்று நினைத்தேன். புகைக் கரியைத் துடைத்தால் கறுப்பில் ஓர் ஒன்று, ஓர் ஏழு.

அதற்குள் முவேபு ஓடி வந்தான்.

"அக்கா, அதை அடுப்புல போடு. புழு அரிச்சது."

"போட மாட்டேன்."

"குடுன்னா குடு!"

நான் கூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லு. சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

"அதுக்குள்ள எறும்பு இருக்குக்கா."

"கடிக்கட்டும்."

கடித்தது. இரண்டு இடத்தில். அப்புறம்தான் அவன் சொன்னான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான் ரெண்டு நாள் பட்டையோட மல்லுக்கட்டினாரு. பட்டை கிழிஞ்சுது, சட்டை கிழிஞ்சுது, கூடு மட்டும் வரல. மூணாம் நாள் ஆபீஸ்லேருந்து ஆள் வந்துச்சு. போறப்போ என் கையில ஒரு சீட்டு குடுத்தாரு. அதுல எழுதியிருந்தது: நான் வெள்ளை வளையம் போட்ட மரத்துல மட்டும் உரி, வேற எதையும் தொடாதே, மொத்தம் ஆறு. அவ்ளோதான். எனக்கு அஞ்சுதான் கிடைச்சுது. நாலு நாள் காடெல்லாம் தேடினேன். கடைசியில கரையான் புத்துப் பக்கத்துல ஒரு பெரிய முபுத்து. வெள்ளை வளையம். நம்பர் வேற."

"நம்பரைப் பாத்தும் சந்தேகம் வரலையாடா?"

"தன் செருப்புக்கே நம்பர் போடுற மனுஷன். மரத்துக்குப் போட மாட்டாரா?"

காவலர் வந்து பதினேழைக் காணோம் என்று சொன்னபோதுதான் அவனுக்கு உறைத்ததாம். அந்த மரம் காய்ந்து, தீயில் எரிந்து, விழுந்துவிட்டது. அடிக்கட்டை மட்டும் புற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எல்லை அங்கே உள்பக்கமாக வளைந்து போகிறது என்கிறான். ஒன்பது மரமும் வெளியேதானாம். உங்கள் சீட்டு அவனுடைய பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் பார்த்தேன். உங்கள் எழுத்து.

"இதைக் கோர்ட்டுல காட்டித் தொலையேன்!" என்றேன்.

"காட்டினா கேஸ் போயிடும். மச்சான் மானமும் போயிடும். கூடு நான் கட்டுனது, பேரு அவருது. அம்மா அடிச்ச கோழி திருட்டுக் கோழி ஆயிடும். உன் கல்யாணம் பாதியில நிக்கும். ஆறு மாசம்தானேக்கா."

'எடுக்கப்பட்டவை' என்று எழுதினீர்கள். யார் எடுத்தது என்று எழுதவில்லை. இப்போது புரிகிறது.

எட்டு வருஷம் இந்த ஊர்ப் பெண்களிடம் என் புருஷன் தன் கையால் கட்டிய கூடு என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. 26ஆம் தேதி முவேபு வாய் திறக்க மாட்டான். நானும் திறக்க மாட்டேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்.

டோரிகா

*

கசெம்பா,
22 அக்டோபர்

டோரிகா,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். பிறகு உட்கார முடியவில்லை.

முவேபு சொன்னது அனைத்தும் உண்மை. ஒன்றை மட்டும் அவன் அறியான். அந்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 1970 மார்ச் 14 அன்று என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஐந்து மரங்களுக்கு வளையம். சாயம் தீர்ந்தது. ஆறாவது நாளை." நாளை என்ற பக்கத்தில் வேறு வேலைகள் இருக்கின்றன; வளையம் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. இல்லாத ஓர் ஆறாவது மரத்தைத் தேடி உன் தம்பி நான்கு நாள் அலைந்து, என் சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறான். எல்லைக்குறியைக் கொன்றது அவன் கோடரியன்று, என் சீட்டு. அந்தச் சாயமும் அலுவலகத்துச் சாயம். கால் டப்பா. சொந்த வேலைக்கு எடுத்தது.

உன் தாயார் தன் உறவினர் ஒருவர் மூலம் "உங்க கையாலயா?" என்று கேட்டனுப்பியபோது நான் தலையை அசைத்தேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று எட்டு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

நேற்று, ஊருக்குள் வராமல், வடக்குப் பாதை வழியாகக் குன்றுக்குப் போனேன். புற்றுக்கருகே அடிக்கட்டையைக் கண்டேன். அது சாகவில்லை. அடியிலிருந்து ஏழு கிளைகள் என் கைத் தடிமனுக்கு எழுந்து, நுனியெல்லாம் சிவந்து நின்றன. பதினாறிலிருந்து அடிக்கட்டைக்கும் அங்கிருந்து பதினெட்டுக்கும் அளந்தேன். இருமுறை அளந்தேன். எல்லை வளைகிறது. ஒன்பது மரங்களும் நாற்பது அடி வெளியே நிற்கின்றன.

முவேபு சிறைக்குப் போக மாட்டான். அவ்வளவை இப்போதே எழுதிவிடுகிறேன். எப்படி என்பதில்தான் தடுமாறுகிறேன். காரணம் எழுதாமலே புகாரைத் திரும்பப் பெறலாம். விதி இடம் தருகிறது. அப்படிச் செய்தால் அவனுக்குச் சிறை இல்லை, எனக்கு வெட்கம் இல்லை, உன் தாயாருக்கு எதுவும் தெரியாது. ஆனால் கோடு தவறாகவே நிற்கும். மழைக்குப் பின் வேறொருவன் அங்கே பட்டை உரிப்பான். என் கோடு அவனைப் பிடிக்கும். நேற்று இரவிலிருந்து மேசையைச் சுற்றி நடக்கிறேன். தாளை எடுக்கிறேன், வைக்கிறேன். 26ஆம் தேதி என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

எதுவானாலும் அந்தக் கூட்டைக் கொண்டு வா. இனிமேல் எதையும் துடைக்காதே.

ஜைரோஸ்

*

காபம்பா,
30 அக்டோபர்

லுவாம்பா அப்பாவுக்கு,

நீதிமன்றத்தில் உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நான் வெளியே வருவதற்குள் உங்கள் மேலதிகாரி உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மெலிந்திருக்கிறீர்கள். சட்டையில் ஒரு பித்தான் இல்லை.

வழக்கு தள்ளுபடியாகி ஊர் திரும்பிய நாளிலிருந்து முவேபுவுக்கு இதே வேலை. ஒரு கட்டையில் தன் மனைவியை நீதிபதியாக உட்காரவைத்து, எல்லாப் பாத்திரத்தையும் அவனே நடிக்கிறான்.

"நீ குற்றவாளியா, இல்லையா?"

"குற்றவாளிதாங்க ஐயா."

உடனே முதுகை விறைத்து, கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி மூக்கைத் தொட்டு, உங்களைப் போல எழுந்து நிற்பான்.

"இல்லீங்க ஐயா."

"உம்மை யாரும் கேக்கலையே?"

"கேட்டிருக்கணுங்க ஐயா."

"நீர் புகார் குடுத்தவர்தானே?"

"ஆமாங்க. புகாரும் என்னுது, குத்தமும் என்னுது. அந்தக் கூடு நான் கட்டுனது இல்லீங்க. கட்டுனேன்னு தலையாட்டினேன். கால் டப்பா கவர்மெண்ட் பெயிண்டும் இருக்குங்க."

அந்த இடத்தில் அவன் மனைவி பேனாவைக் கீழே வைப்பாள். ஊர் உருண்டு சிரிக்கும்.

முதல் நாள் அம்மா சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கிய பிறகு கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு அவருக்கு அடிச்ச கோழி?"

முவேபு மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"சிவப்புக் கோழி," என்றாள். "முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு."

உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வெளியே வந்து தீர்ப்பைச் சொன்னாள். மருமகன் செய்ய வேண்டிய கல்யாண வேலை பாக்கி இருக்கிறது. பழைய ஆறும் முவேபு கணக்கு. புதிதாக ஆறு கூடு, உங்கள் கையாலேயே. யாரும் கை கொடுக்கக் கூடாது. ஒரு கூட்டிலாவது ஈ புகும்வரை நீங்கள் அவள் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது, எதிரே வந்தால் புது மருமகன் போலப் பாதையை விட்டு விலக வேண்டும். கூடு கட்டுகிறவன் ஈ புகும்வரை மனைவியின் அருகே வரக் கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் நான் இங்கேயே இருப்பேன். "அம்பது வயசு ஆளும்மா," என்றேன். "பட்டை வயசு கேக்காது," என்றாள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தீரவில்லை என்று எழுதினால் பொய். அங்கே நீங்கள் எழுந்து பேசியதைக் கேட்டேன். உங்கள் குரல் நடுங்கவில்லை.

பூட்டை முவேபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். சாவி என்னிடம் இருக்கட்டும்.

டோரிகா

*

கிசேலா குன்று, முகாம்,
9 டிசம்பர்

டோரிகா,

உன் தாயாரின் நிபந்தனைகள் முறையானவை. ஏற்கிறேன்.

தலைமையகத்து நகல் வந்துவிட்டது. எல்லை அடிக்கட்டையில்தான் வளைகிறது. என் அளவுக்கும் ஏட்டுக்கும் வேறுபாடு ஏழு அடி. எல்லைப் பணியிலிருந்து என்னை நாற்றங்காலுக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம். விதைப் படுக்கைகளுக்கு எண் போட்டேன், அதற்கும் சிரிக்கிறார்கள். இருபத்தொரு நாள் விடுப்பில் இங்கே வந்திருக்கிறேன். இன்று பதினொன்றாம் நாள். மழை பெய்து மரத்தில் சாறு ஏறியிருப்பதால் பட்டை கழன்று வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மரத்திடம் யாரும் சொல்லவில்லை போலும்.

மூன்று மரங்களை வீணாக்காமல் மூன்று கூடு ஆகிவிட்டது. அவற்றைக் கூடு என்று அழைப்பதை முவேபு ஒப்பவில்லை. தினமும் காலையில் வந்து எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்து இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான்.

"மச்சான், மரம் அழுவுது."

"பேசாதடா."

"கை குடுக்கத்தான் தடை. வாய்க்குத் தடை இல்ல."

"கோடு சரியா இருக்கா, அதை மட்டும் சொல்லு."

"ரொம்ப நேரா இருக்கு. அதான் தப்பு. மரம் எங்க வளையுதோ அங்க கோடாலியும் வளையணும். இது ஆபீஸ் இல்ல."

அவன் சொன்னபடி செய்தேன். நான்காவது பட்டை ஒரே துண்டாக, தோல் போல, கையோடு வந்தது. உள்பக்கம் ஈரமாக, வழுவழுப்பாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாராட்டு.

உரித்த மரத்தை நின்று சாக விடாமல் முழங்கால் உயரத்தில் வெட்டிவிடுகிறேன். அடிக்கட்டை தளிர்க்கும். முவேபுவும் தன் ஒன்பதில் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறான். தாமதந்தான், இரண்டு பிழைக்கலாம்.

நேற்று ஓடைப் பாதையில் உன் தாயார் தலையில் காளான் கூடையோடு வந்தார். நான் விலகிப் புதருக்குள் போனேன். அது முள் புதர். அவர் நடையை மெதுவாக்கினார் என்று எனக்குத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈ எப்போது வரும் என்று எந்த நூலிலும் இல்லை. ஒரு மைல் தூரத்தில் நீ இருக்கிறாய். காடுகளில் முப்பது ஆண்டுகள் நடந்திருக்கிறேன், ஒரு மைல் இவ்வளவு நீளம் என்று அளந்ததில்லை.

ஜைரோஸ்

*

காபம்பா,
19 மார்ச் 1979

லுவாம்பா அப்பா,

மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கசெம்பாவிலிருந்து சைக்கிளில் வந்து, ஆறு மரத்தடியிலும் அண்ணாந்து நின்று பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போகிறீர்கள். ஊரே உங்களுக்காக அண்ணாந்து பார்க்கிறது. இரண்டு கூடு விழுந்தது, நீங்களே மறுபடி ஏற்றினீர்கள். ஒன்றில் பல்லி குடியேறியது. "பல்லியும் தேன் குடுக்குமான்னு மச்சான் ஏட்டுல பாக்கச் சொல்லு," என்றான் முவேபு.

இப்போது மூடோண்டோ மரங்கள் பூத்திருக்கின்றன. காடெல்லாம் ஈக்கள் வீடு தேடி அலைகின்றன. எனக்கும் இருப்பே கொள்ளவில்லை. துணியைத் தைக்கிறேன், பிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் குன்றுக்குப் போனேன். கூடு பக்கம் நான் போகக் கூடாது, தெரியும். மரத்தைத் தொடவில்லை. தள்ளி நின்று கேட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நான்கு, நீங்கள் பெருமையாக எழுதிய ஒரே துண்டுப் பட்டை, ஒன்றுமில்லை. ஐந்தில் பல்லி. ஆறாவது, கோணலாகி ஒரு பக்கம் வீங்கிப்போய், அவிழ்ந்துவிடும் என்று முவேபு பந்தயம் கட்டிய கூடு. அதன் வாயில் நாலு ஈ காவல் நின்றன. உள்ளே கொதிக்கிற பானை மாதிரி சத்தம்.

நான் ஓடி வந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் போனதே தப்பு. வாயை மூடிக்கொண்டு தானியம் புடைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், என் காலில் ஒட்டியிருந்த குன்றுச் செம்மண்ணைப் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தனாவது?" என்றாள்.

"ஆறாவது."

"அந்தக் கோணலா?"

"ஆமா."

"அப்போ அது அவரு கட்டுனதுதான்," என்றாள். "முவேபுக்கு அப்படிக் கட்ட வராது."

இந்த வாரம் சனிக்கிழமைக்குப் பதில் நேற்று ஞாயிறு வந்தீர்கள். சைக்கிள் பழுது என்று முவேபு சொன்னான். ஓடைப் பாதையில் அம்மா வந்தபோது நீங்கள் வழக்கம்போலப் பாதையை விட்டு விலகி, அந்தப் பெரிய முபுத்துக்குப் பின்னால் போய் நின்றீர்கள். அம்மா கூடையை இறக்கி வைத்தாள். மருமகனோடு நேராகப் பேசக் கூடாது. அவள் வழக்கத்தை மீறுகிறவள் அல்ல. மரத்தைப் பார்த்துத்தான் பேசினாள் என்று பின்னால் வந்த பெண்கள் சொன்னார்கள்.

"மரமே, வர்ற ஞாயித்துக்கிழமை என் வீட்டுல கோழி அடிக்கிறோம். சிவப்பு இல்ல, அது போயிடுச்சு. புள்ளி போட்டது. வருவியா, மாட்டியா?"

மரம் பதில் சொல்லவில்லையாம். கொஞ்சம் இருமியதாம்.

அம்மா வீட்டுக்கு வந்து அதே கேள்வியை என்னிடமும் கேட்டாள். நான் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னேன், மரம் வரும் என்று.

டோரிகா